காப்பி ஆகாத இணையப் பக்கத்திலிருந்து எழுத்தை எடுப்பது எப்படி? பூட்டு வாரியாக முழு வழிகாட்டி

வானிலை அறிக்கை, தேர்வு அறிவிப்பு, பழைய அரசாணை, பிரெஞ்சில் இருக்கும் விண்ணப்ப விளக்கம் என்று எதையாவது எடுக்கப் போனால் மவுஸை இழுத்தாலும் நீலம் விழாது. ரைட் கிளிக் செய்தால் ‘காப்பி செய்ய அனுமதியில்லை’ என்று ஒரு பெட்டி குதிக்கும். உடனே பெரும்பாலானோர் செய்வது இரண்டில் ஒன்று. கூகுளில் முதலில் வரும் எக்ஸ்டென்ஷனைப் போட்டுவிடுவார்கள். இல்லையென்றால் கடலூர் மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரி நேரு வீதியிலோ ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து முழுப் பக்கத்தையும் மறுபடி டைப் செய்ய வைப்பார்கள். இரண்டுமே தேவையில்லை.

எழுத்து திரையில் தெரிகிறது என்றாலே அது உங்கள் கணினிக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதன்மேல் தளம் ஒரு மூடி போட்டிருக்கிறது, அவ்வளவுதான். மூடியில் ஐந்தாறு வகை உண்டு. எந்த வகை என்று பார்க்காமல் எல்லா வழியையும் கலந்து முயல்வதில்தான் அரைமணி நேரம் போகிறது. அதனால் வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் சோதனை, பிறகு எதையும் மாற்றாத வழிகள், அதன்பின் பக்கத்தை மாற்றும் வழிகள், கடைசியாகப் படம் பிடித்து வாசிக்க வைப்பது. தமிழ்ப் பக்கம் என்றால் ஒட்டிய பிறகும் ஒரு வேலை இருக்கிறது. அதற்கும் கடைசியில் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

1. எடுக்கலாமா என்று முதலில் பாருங்கள்

சொந்தக் குறிப்புக்கு, மொழிபெயர்த்துப் படிக்க, கண் பார்வை குறைந்தவருக்குக் கணினி வாசித்துக் காட்ட எடுப்பதில் சிக்கலில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, சொந்தப் பயன்பாடு, ஆய்வு, விமர்சனம், நடப்புச் செய்தி ஆகியவற்றுக்காக நியாயமான அளவில் எடுத்தாள்வதை மீறலாகக் கொள்வதில்லை.

எடுத்ததை உங்கள் பெயரில் வேறு தளத்தில் போடுவது அப்படியல்ல. 2012 திருத்தத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பாதுகாப்பை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. காசு கட்டிப் படிக்கும் மின்னூல், சந்தாச் செய்தி, ஆன்லைன் தேர்வுப் பக்கம் மூன்றும் இந்த வழிகாட்டியில் இல்லை.

இன்னொன்று. பக்கத்தைத் தமிழில் படிப்பதுதான் நோக்கம் என்றால் காப்பியே வேண்டாம். குரோமில் மூன்று புள்ளி மெனுவில் மொழிபெயர்ப்பு இருக்கிறது. ரைட் கிளிக்கைத் தளம் முடக்கினாலும் இந்த மெனுவை அதனால் தொட முடியாது. புதுச்சேரியில் பிரெஞ்சுத் தாள்களோடு மல்லுக்கட்டுபவர்களில் பாதிப் பேருக்கு இதுவே போதும்.

2. தொடங்குமுன் தயாராக வேண்டியவை

கணினியில் குரோம் அல்லது எட்ஜ் ஒன்று, கூடவே ஃபயர்பாக்ஸ். இரண்டும் வேண்டும், ஏனென்றால் ஃபயர்பாக்ஸில் மட்டும் திறக்கும் சில மூடிகள் உண்டு. பக்கத்தில் நோட்பேடைத் திறந்து வையுங்கள். சோதனைக்கு வேர்டு கூடாது. அது எழுத்துரு, நிறம் எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்து குழப்பும்.

பக்கத்தைக் கடைசி வரை ஒருமுறை உருட்டுங்கள். ‘மேலும் படிக்க’ என்று பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். குக்கி கேட்கும் பெட்டியை மூடுங்கள். பல தளங்கள் நீங்கள் கீழே வரும்போதுதான் மீதி எழுத்தை இறக்கும். இதைச் செய்யாமல் எடுத்தால் கட்டுரையின் முதல் பாதி மட்டும் கையில் இருக்கும், அதுவும் ஒட்டிய பிறகுதான் தெரியும்.

3. எந்தப் பூட்டு என்று கண்டுபிடிப்பது

இதற்கு ஒரு நிமிடம் போதும். இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பின்னால் திரும்பி வருகிறார்கள்.

முதலில், அது எழுத்துதானா என்று பாருங்கள். குரோமிலோ எட்ஜிலோ மெனு வழியாகத் தேடல் பெட்டியைத் திறந்து, கண்ணுக்குத் தெரியும் ஒரு தமிழ்ச் சொல்லைத் தட்டுங்கள். அந்தச் சொல்லின்மேல் நிறம் விழுந்தால் அது உண்மையான யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) எழுத்து. ‘0/0’ என்று வந்தால் இரண்டில் ஒன்று: படம், அல்லது பழைய எழுத்துரு. இரண்டையும் பிரிக்கப் பக்கத்தை 300 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். ஓரம் மங்கிப் பிசுபிசுத்தால் படம்; நேரே 9ஆம் பகுதிக்குப் போங்கள். ஓரம் கத்திபோல் கூர்மையாக இருந்தால் பாமினி மாதிரியான எழுத்துரு. காப்பி ஆகும், ஆனால் 10ஆம் பகுதியில் சொல்லும் மாற்றம் தேவைப்படும்.

அடுத்து, எழுத்தின்மேல் மவுஸைக் கொண்டுபோய்ச் சுட்டியின் வடிவத்தைப் பாருங்கள். வழக்கமாக அது நிமிர்ந்த கோடாக மாறும். அம்பாகவே நின்றால் தேர்ந்தெடுப்பதையே தளம் தடுத்திருக்கிறது, அல்லது எழுத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு கண்ணாடி விரித்திருக்கிறது. அந்த இடத்தில் இருக்கும் இணைப்புகள் வேலை செய்தால் முதல் வகை. இணைப்பும் அழுந்தவில்லை என்றால் கண்ணாடி.

மூன்றாவது சோதனையில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். நோட்பேடில் ‘கெடிலம்’ என்று தட்டி அதைக் காப்பி செய்யுங்கள். இப்போது கிளிப்போர்டில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். தளத்துக்குப் போய் ஒரு பத்தியை இழுத்து, கன்ட்ரோல்+சி அழுத்தி, நோட்பேடில் ஒட்டுங்கள். மறுபடி ‘கெடிலம்’ வந்தால் காப்பி நடக்கவில்லை. தளத்தின் பெயரோ எச்சரிக்கை வாசகமோ வந்தால், காப்பி நடந்தது, நடுவில் தளம் சரக்கை மாற்றிவிட்டது. பத்தியே வந்துவிட்டால் வேலை முடிந்தது.

கடைசியில் சொன்னது அபூர்வம் இல்லை. சில தளங்கள் தேர்வு நிறத்தை மட்டும் மறைத்து வைக்கும். நீலம் தெரியாததால் முடியாது என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் எழுத்து தேர்வாகித்தான் இருக்கும். அதனால் நீலம் விழாவிட்டாலும் ஒருமுறை ஒட்டிப் பாருங்கள்.

4. எதையும் மாற்றாமல் முயல வேண்டியவை

ரைட் கிளிக் மட்டும் முடங்கியிருந்தால் கவலையே இல்லை, கன்ட்ரோல்+சி போதும். ஃபயர்பாக்ஸில் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் தளத்தின் தடையைத் தாண்டிப் பிரவுசரின் சொந்த மெனு வரும்.

கன்ட்ரோல்+சி முடங்கியிருந்தால் ஃபயர்பாக்ஸில் ஆல்ட் விசையைத் தட்டுங்கள்; மேலே வரும் மெனுவில் எடிட், அதில் காப்பி. தளம் விசை அழுத்தத்தை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தால் இது தப்பிவிடும். காப்பி என்கிற செயலையே மறித்திருந்தால் தப்பாது.

அந்த இடத்துக்கு ஒரு நல்ல குறுக்குவழி இருக்கிறது: இழுத்துப் போடுவது. விண்டோஸ் விசையோடு இடது அம்பை அழுத்திப் பிரவுசரை இடப்பக்கம் ஒதுக்குங்கள், வலப்பக்கம் வேர்டு அல்லது லிபரே ஆஃபீஸ் ரைட்டர். பத்தியைத் தேர்ந்தெடுத்து, தேர்ந்த எழுத்தின்மேலேயே மவுஸை அழுத்திப் பிடித்து, அப்படியே வேர்டுக்குள் கொண்டுபோய் விடுங்கள். இழுக்கும்போது கிளிப்போர்டு நடுவில் வருவதே இல்லை. அதனால் சரக்கை மாற்றும் தளங்களும் இதில் தோற்கின்றன.

தேர்வு ஒரு வரியோடு நின்றுவிடுகிறது என்றால் எழுத்தில் தொடங்காதீர்கள். தலைப்புக்கு மேலே இருக்கும் வெற்றிடத்தில் அழுத்திக் கீழே இழுங்கள்.

5. ரீடர் பார்வை

எடுக்க வேண்டியது கட்டுரை வடிவில் இருந்தால் முதலில் வர வேண்டியது இங்கேதான். விண்டோஸில் ஃபயர்பாக்ஸ், எட்ஜ் இரண்டிலும் எஃப்9. லேப்டாப்பில் அந்த விசை ஒலியையோ வெளிச்சத்தையோ மாற்றினால் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்துங்கள்.

ரீடர், பக்கத்திலிருந்து எழுத்தையும் முக்கியப் படங்களையும் மட்டும் பிரித்தெடுத்துத் தன் சொந்தத் தாளில் அடுக்கிக் காட்டுகிறது. தளம் போட்ட நிரல், அலங்காரம், கண்ணாடி எதுவும் கூட வராது. அதனால் மூன்று நான்கு வகை மூடி ஒரே அடியில் போய்விடும்.

அட்ரஸ் பாரில் ரீடர் ஐகான் வரவில்லை என்று பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். முகப்புப் பக்கத்தில் அது வராது. தனிக் கட்டுரையைத் திறக்க வேண்டும். அப்படியும் வராவிட்டால் எட்ஜில் அட்ரஸின் முன்னால் ‘ரீட்’ என்பதை ஆங்கிலத்தில் தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் என்டர் அழுத்துங்கள்.

அட்டவணைக்கு ரீடரை நம்ப வேண்டாம். கட்டணப் பட்டியல், மதிப்பெண் பட்டியல், பேருந்து நேரம் போன்றவற்றில் கட்டங்களை உதறிவிட்டு எண்களை ஒரே வரியாகக் கொட்டிவிடும். சில நேரம் கட்டுரையின் கடைசிப் பத்தியையும் விட்டுவிடும். எடுத்ததும் கடைசி வரியை மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

6. ஜாவாஸ்கிரிப்டை நிறுத்துவது

காப்பியை மறிப்பதும், விசைகளை முடக்குவதும், சரக்கை மாற்றுவதும் ஜாவாஸ்கிரிப்ட் (பக்கத்துக்குள் ஓடும் நிரல்) வேலை. அதை நிறுத்தினால் மூன்றும் நிற்கும்.

குரோமில் அட்ரஸின் இடது ஓரத்துச் சின்ன ஐகானை அழுத்தி, சைட் செட்டிங்ஸுக்குள் போய், ஜாவாஸ்கிரிப்டை பிளாக் என்று மாற்றிப் பக்கத்தை ரீலோடு செய்யுங்கள். அந்த ஒரு தளத்துக்கு மட்டும்தான் இது பொருந்தும். பிரவுசரின் பொது செட்டிங்ஸில் போய் எல்லாத் தளத்துக்கும் நிறுத்திவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மறுநாள் ரயில் டிக்கெட் பக்கமும் மின்கட்டணப் பக்கமும் திறக்காமல் போகும். நெட் போய்விட்டது என்று மோடத்தைத் திட்டுவார்கள்.

ரீலோடு செய்ததும் பக்கம் வெள்ளையாகிவிட்டால் பயப்பட வேண்டாம். அந்தத் தளம் எழுத்தையே ஜாவாஸ்கிரிப்ட் மூலம்தான் கொண்டுவருகிறது. முன்பு மாற்றியதைப் பழையபடி அலோ ஆக்கி, எழுத்து முழுதும் வந்த பிறகு நிறுத்துங்கள். எஃப்12 அழுத்தி டெவலப்பர் டூல்ஸ் பலகையைத் திறந்து, அதற்குள் எஃப்1 அழுத்தினால் அதன் செட்டிங்ஸ் வரும். டீபக்கர் என்ற தலைப்பின் கீழ் ‘டிசேபிள் ஜாவாஸ்கிரிப்ட்’ என்பதில் டிக் போடுங்கள். ரீலோடு செய்யாமல் அப்படியே போய்க் காப்பி செய்யலாம். அந்தப் பலகையை மூடினால் ஜாவாஸ்கிரிப்ட் திரும்ப ஓடத் தொடங்கிவிடும்; அதனால் வேலை முடியும்வரை திறந்தே இருக்கட்டும்.

எஃப்12 விசையையே தளம் முடக்கியிருந்தால் வெற்று டேப் ஒன்றைத் திறந்து, அங்கே எஃப்12 அழுத்திவிட்டு, அதற்குப் பிறகு அட்ரஸை ஒட்டுங்கள். தளம் வருமுன்பே பலகை திறந்திருப்பதால் அதனால் தடுக்க முடியாது. திறந்ததும் பக்கம் உறைந்து, டீபக்கரில் நிற்பதாகச் செய்தி வந்தால் கன்ட்ரோல்+எஃப்8 அழுத்தி அந்த நிறுத்தங்களை முடக்கிவிட்டு, எஃப்8 அழுத்தித் தொடரச் சொல்லுங்கள். பலகையைத் திறப்பவர்களை மிரட்டவென்றே சிலர் வைக்கும் பொறி அது.

ஜாவாஸ்கிரிப்டை நிறுத்தியும் நீலம் விழவில்லை என்றால், தடை நிரலில் இல்லை, அலங்காரக் கோப்பில் இருக்கிறது. அடுத்த பகுதி அதற்குத்தான்.

7. தேர்வுத் தடையை அவிழ்ப்பது

எழுத்தைத் தேர்ந்தெடுக்க விடாமல் செய்வது சிஎஸ்எஸ் என்ற அலங்காரக் கோப்பில் இருக்கும் ஒரே ஒரு வரி: ‘யூசர் செலக்ட்’ என்ற பண்புக்கு ‘நன்’ என்று மதிப்பு. அந்த வரியின் டிக்கை எடுத்தால் போதும்.

கன்ட்ரோல்+ஷிஃப்ட்+சி அழுத்தி, கட்டுரையின் ஒரு பத்தியைச் சொடுக்குங்கள். பலகையில் அந்தப் பத்தியின் இடம் காட்டப்படும். பக்கத்தில் ஸ்டைல்ஸ் பகுதியில் இருக்கும் ஃபில்டர் பெட்டியில் ‘செலக்ட்’ என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். வரி தெரிந்தால் அதன்மேல் மவுஸை வைத்ததும் இடப்பக்கம் ஒரு சின்னக் கட்டம் வரும், டிக்கை எடுங்கள். வெப்கிட் என்ற முன்னொட்டோடு இன்னொரு வரியும் இருக்கலாம். குறுக்குக்கோடு விழாமல் இருக்கும் வரிதான் வேலை செய்வது, அதை எடுங்கள்.

வரி அங்கே இல்லையென்றால் தடை பத்திக்கு மேலே, அதைச் சுற்றியிருக்கும் பெட்டியில் இருக்கிறது. பலகையின் அடியில் பெயர்கள் வரிசையாக நிற்கும். வலக்கோடியிலிருந்து இடப்பக்கமாக ஒவ்வொன்றாகச் சொடுக்கி அதே ஃபில்டரில் பாருங்கள். பெரும்பாலும் ‘பாடி’ என்பதிலோ அதற்கு இரண்டு மூன்று படி முன்னாலோ சிக்கும்.

கண்ணாடி விரித்த பக்கம் என்றால் பத்தியைச் சொடுக்கும்போது பத்தி காட்டப்படாது, முழுத் திரையும் ஒரே பெட்டியாக நிறம் மாறும். அந்தப் பெட்டிதான் கண்ணாடி. பலகையில் அது தேர்வாகி இருக்கும்போது டெலீட் விசையை அழுத்துங்கள். தவறிக் கட்டுரையையே அழித்துவிட்டால் கன்ட்ரோல்+இசட் திருப்பித் தரும்.

இரண்டு பத்திதான் வேண்டும் என்றால் இவ்வளவு கூட வேண்டாம். பலகையிலேயே அந்த எழுத்தின்மேல் இருமுறை சொடுக்கி, கன்ட்ரோல்+ஏ, கன்ட்ரோல்+சி. நீங்கள் செய்த மாற்றம் எல்லாம் உங்கள் திரையில் மட்டும்தான். ரீலோடு செய்தால் பழையபடி ஆகிவிடும். அதனால் முதலில் எடுத்து நோட்பேடில் சேமித்துவிட்டுப் பிறகு மற்றதைப் பாருங்கள்.

8. பிரின்ட், சோர்ஸ், எக்ஸ்டென்ஷன்

கன்ட்ரோல்+பி அழுத்திப் பிடிஎஃப்பாகச் சேமித்து அதிலிருந்து காப்பி செய்வது பலர் முதலில் சொல்லும் வழி. ஆங்கிலம், பிரெஞ்சுப் பக்கங்களுக்கு நன்றாகவே வேலை செய்யும். தமிழுக்கு இதைக் கடைசியில் வையுங்கள். பிடிஎஃப்பில் எழுத்து வரையப்பட்ட வரிசையில் கிடக்கும். ஒட்டும்போது கொம்பும் கொக்கியும் இடம் மாறி வரலாம்.

கன்ட்ரோல்+யு அழுத்தினால் பக்கத்தின் சோர்ஸ் வரும். அதில் எந்தத் தடையும் கிடையாது. ஆனால் சில தளங்களின் சோர்ஸில் தமிழைத் தேடினால் கிடைக்காது, இப்படி நிற்கும்: தமிழ் இது குப்பையில்லை; ‘தமிழ்’ என்ற சொல்லின் யூனிகோடு எண்கள்தான். த 2980, ம 2990, இகரக் கொக்கி 3007, ழ 2996, புள்ளி 3021. எண்ணை உட்கார்ந்து மாற்ற வேண்டாம். அதே பக்கத்தை 7ஆம் பகுதியில் சொன்ன பலகையில் திறந்தால் எழுத்தாகவே தெரியும்.

எக்ஸ்டென்ஷன் பற்றி: ரைட் கிளிக்கையும் காப்பியையும் விடுவிக்கும் எக்ஸ்டென்ஷன்கள் நிறைய உண்டு, வேலையும் செய்கின்றன. ஆனால் அவை கேட்கும் அனுமதியைப் படியுங்கள்: நீங்கள் திறக்கும் எல்லாத் தளத்திலும் எல்லாத் தகவலையும் படிக்கவும் மாற்றவும். இ-சேவை மையத்திலும் பிரவுசிங் கடையிலும் ஆதார், வங்கி, பத்திரப் பதிவு எல்லாம் திறக்கும் கணினியில் இதைப் போடவே கூடாது என்பது எங்கள் கருத்து. சொந்தக் கணினியில் போடுவதானால் எக்ஸ்டென்ஷன் விவரப் பக்கத்தில் தள அனுமதியை ‘சொடுக்கும்போது மட்டும்’ என்று மாற்றி வையுங்கள்.

9. எழுத்து படமாக இருந்தால், அல்லது கையில் போன் மட்டும் இருந்தால்

போனில் முதலில் ஃபயர்பாக்ஸைப் போட்டு அதன் ரீடரை முயலுங்கள். ஐபோனில் சஃபாரியிலேயே ரீடர் உண்டு. அதில் முடியவில்லை என்றால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, கூகுள் லென்ஸில் திறந்து, எழுத்தைத் தேர்ந்து காப்பி செய்யுங்கள். லென்ஸ் தமிழை நன்றாகவே படிக்கிறது. கணினிக் குரோமின் மெனுவிலும் லென்ஸ் இருக்கிறது. அதைத் திறந்து தேவையான இடத்தை மட்டும் மவுஸால் வளைத்துப் பிடித்தால் போதும்.

பக்கம் நிறைய இருந்தால் கூகுள் டிரைவ் வசதி. படத்தை டிரைவில் ஏற்றி, அதன்மேல் ரைட் கிளிக் செய்து, கூகுள் டாக்ஸில் திற என்று கொடுங்கள். மேலே படமும் அதன் கீழே எழுத்தும் வரும். படம் 2 எம்பிக்குள், நேராக, எழுத்தின் உயரம் குறைந்தது 10 பிக்சல் இருக்க வேண்டும் என்பது கூகுளின் அறிவுரை. அதனால் ஸ்க்ரீன்ஷாட்டுக்கு முன் பக்கத்தை 150 அல்லது 200 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். எடுத்த பிறகு படத்தைப் பெரிதாக்குவதில் பயனில்லை, மங்கல்தான் பெரிதாகும். செய்தித்தாள் போல இரண்டு மூன்று பத்தியாக இருந்தால் ஒவ்வொரு பத்தியையும் தனியாக வெட்டுங்கள். சேர்த்துக் கொடுத்தால் இந்தப் பத்தியின் வரியும் அந்தப் பத்தியின் வரியும் பின்னிக்கொள்ளும்.

படித்துத் தரும் எழுத்தை அப்படியே நம்பக் கூடாது. தமிழில் அது தடுக்கி விழும் இடங்கள் தெரிந்தவைதான்: ‘ர’வும் துணைக்காலும், எகர ஏகாரக் கொம்புகள், ஒ ஓ, ன ண, பிறகு மெய்யின் தலைப்புள்ளி. ‘கடல்’ என்பது ‘கடல’ ஆகிவிடும். இதையெல்லாம் படிக்கும்போதே கண் பிடித்துவிடும். பிடிக்காதது எண்தான்.

கடலூரின் தாழங்குடா, தேவனாம்பட்டினம் பக்கம் மீனவர் வாட்ஸ்அப் குழுக்களுக்குப் படமாக வரும் வானிலை எச்சரிக்கையை எழுத்தாக மாற்றி அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். ‘மணிக்கு 45 முதல் 55 கி.மீ., இடையிடையே 65 கி.மீ.’ என்று இருப்பதில் ஒரு 6, 5 என்று வாசிக்கப்பட்டால் வாக்கியம் பிழையில்லாமல்தான் நிற்கும், யாருக்கும் சந்தேகம் வராது. வேகம், தேதி, புயல் கூண்டு எண், தொகை ஆகிய நான்கையும் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விரல் வைத்துச் சரிபார்த்த பிறகுதான் அனுப்ப வேண்டும். மூலப் படத்தையும் கூடவே சேர்த்து அனுப்புவது இன்னும் நல்லது.

கடைக் கணினியிலிருந்து ஆதார், பாஸ்போர்ட் படங்களை டிரைவில் ஏற்றாதீர்கள்.

10. ஒட்டிய பிறகு செய்ய வேண்டிய தமிழ் வேலை

ஆங்கிலக் கட்டுரை என்றால் ஒட்டியதோடு முடிந்தது. தமிழில் மூன்று கோளாறுகளைப் பார்க்க வேண்டும். முதலில் எப்போதும் நோட்பேடில் ஒட்டுங்கள், அல்லது கன்ட்ரோல்+ஷிஃப்ட்+வி. எழுத்துரு, நிறம், ஒளிந்து வந்த இணைப்பு எல்லாம் அங்கேயே உதிர்ந்துவிடும். சில தளங்கள் வால் மாதிரி ‘மேலும் படிக்க’ என்று தங்கள் முகவரியைச் சேர்த்து அனுப்பும். கடைசி வரியைப் பாருங்கள்.

முதல் கோளாறு, பழைய எழுத்துரு. திரையில் தமிழாக இருந்தது ஒட்டியதும் ஆங்கில எழுத்தாக மாறும். தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16 குறியேற்றத்தையும் ஏற்றது 2010இல். அதற்கு முந்தைய ஆவணங்களிலும் பழைய தளங்களிலும் இது சகஜம். சொல்லுக்குச் சொல் அரைப்புள்ளி தெறித்திருந்தால் அது பாமினி, அதில் மெய்ப்புள்ளிக்கு அரைப்புள்ளிதான் விசை. தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வந்தால் டாம், டாப், டிஸ்கி போன்றவை. புதுச்சேரிக்காரர்கள் பிரெஞ்சு என்று நினைத்து மொழிபெயர்ப்பில் போட்டுவிட வேண்டாம்.

சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா இலவசமாக வெளியிட்ட என்எச்எம் கன்வெர்ட்டர் இவற்றை யூனிகோடாக மாற்றும். மூல எழுத்துரு எது என்று சரியாகத் தேர்வது முக்கியம். தெரியாவிட்டால் 7ஆம் பகுதியின் பலகையில் கம்ப்யூட்டட் என்ற பகுதியில் எழுத்துருவின் பெயர் இருக்கும். ஊகித்து மாற்றினால் பாதி சரியாகவும் பாதி தப்பாகவும் வரும். அதைக் கையால் திருத்துவது டைப் செய்வதைவிட மோசம். கட்டுரைக்கு நடுவில் உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் சேர்த்துத் தமிழாக்கிக் குதறிவிடும். அவற்றை முன்பே வேறிடத்தில் குறித்து வையுங்கள்.

இரண்டாவது, கொம்பு முன்னால் வந்து நிற்பது. பிடிஎஃப்பிலிருந்து எடுக்கும்போதுதான் பெரும்பாலும் நடக்கும். தாளில் ‘கெடிலம்’ என்று இருப்பது ‘ெகடிலம்’ என்று ஒட்டும். ‘தென்பெண்ணை’ எப்படி வரும் என்று பாருங்கள்: ‘ெதன்ெபண்ைண’. யூனிகோடில் மெய் முதலில், கொம்பு பிறகு. கண்ணுக்குத்தான் கொம்பு முன்னால். பிடிஎஃப் கண்ணில் தெரியும் வரிசையைக் கொடுத்துவிடுகிறது. ஒரு பக்கத்தில் நூறு இடத்தில் இப்படி இருக்கும். திருத்த உட்காராதீர்கள். அந்தப் பிடிஎஃப்பையே டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்து பாருங்கள். அப்போதும் கொம்பு இடம் மாறி வந்தால், பக்கத்தைப் படமாக எடுத்து 9ஆம் பகுதியின்படி கொடுங்கள். பிழை எண்ணிக்கை அதில் குறைவாகவே இருக்கும்.

மூன்றாவது கண்ணுக்கே தெரியாது. ‘கொள்ளிடம்’ சரியாகத்தான் நிற்கும், ஆனால் தேடினால் கிடைக்காது. ‘கொ’ என்பதை ஒகரக் குறி ஒன்றால் எழுதலாம். கொம்பையும் காலையும் தனித்தனியாக வைத்தும் எழுதிவிட முடியும். பார்வைக்கு இரண்டும் ஒன்று, சில மென்பொருள்களின் தேடலுக்கு இரண்டும் வேறு. பின்னாலிருந்து அழிக்கும் பேக்ஸ்பேஸை ‘கொ’வுக்குப் பின்னால் ஒருமுறை தட்டிப் பாருங்கள். காலை மட்டும் அழித்து ‘கெ’ என்று விட்டால் அது இரண்டு துண்டு.

திருத்துவது சுலபம். தவறான ‘கொ’விலிருந்து எடுத்த துண்டைக் கண்டுபிடி பெட்டியில் ஒட்டி, மாற்று பெட்டியில் உங்கள் விசைப்பலகையில் ‘கொ’ என்று புதிதாகத் தட்டி, எல்லாவற்றையும் மாற்று என்று கொடுங்கள். ககரத்துக்கு மட்டும் செய்தால் போதாது. சொ, தொ, பொ, மொ, போ, கோ, தோ என்று கட்டுரையில் வரும் ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை ஓட்ட வேண்டும். முடித்ததும் கட்டுரையில் நிச்சயம் இருக்கும் ஓர் ஒகரச் சொல்லைத் தேடிப் பாருங்கள். அது கிடைத்த பிறகு வேர்டுக்கு மாற்றலாம்.